செத்த தண்டில் ஒரு வெள்ளிக் குமிழ்

நாங்கள் இருப்பது தெற்கு லண்டனில், மிச்சம் என்ற இடத்தில். ஊரின் பெயரைக் கேட்டுச் சிரிக்காத தமிழரை நான் இன்னும் காணவில்லை. சிரிக்கட்டும். ஆனால் பெயருக்கேற்றபடி, மற்றவர்கள் பாவித்துக் கழித்த மிச்சமெல்லாம் சுற்றிச் சுற்றி எங்கள் வீட்டுக்குத்தான் வந்து சேரும். அந்த மிக்சரும் அப்படி வந்ததுதான். தின்கிற மிக்சர் இல்லை. அதுவாக இருந்திருந்தால் ஒரு பின்னேரத் தேநீரோடு முடிந்திருக்கும்.

இது பாட்டுக்காரர்களின் மிக்சர். மைக், கீபோர்ட் என்று எல்லாவற்றின் சத்தமும் தனித்தனிச் 'சனல்' வழியாக இந்தப் பெட்டிக்குள் வந்து, கூட்டிக் குறைக்கப்பட்டு, ஒன்றாகக் கலந்து ஒலிபெருக்கிக்குப் போகும். என் கணவருக்கு ஓர் இசைக்குழு இருக்கிறது. குழு என்றால் மூன்று பேர். ட்ரம் பாட் தட்டுவது என் கணவர். கீபோர்ட் வாசிப்பது தம்பி என்று நாங்கள் கூப்பிடும் ஒருவர், தலை நரைத்தும் தம்பிதான். மூன்றாவது பாடகர். பெண்பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்திய வீடு, ஐம்பதாவது பிறந்தநாள், கோயில் திருவிழா என்று சனி ஞாயிறுகளில் போவார்கள். யாராவது கூப்பிட்டால்.

விளம்பரத்தில் 'சிறு கவனிப்புத் தேவை' என்று போட்டிருந்ததாம். கணவர் குரொய்டனுக்குப் போய் அதை வாங்கி, ட்ராமில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஆசுபத்திரியிலிருந்து முதல் பிள்ளையைக் கொண்டுவரும்போதுகூட அவர் முகத்தில் அவ்வளவு கவனத்தை நான் பார்க்கவில்லை. சாப்பாட்டு மேசையில் வைத்துப் போர்வையை விலக்கினார். பாதிக் குமிழ்களைக் காணவில்லை. அவை இருந்த இடங்களில் வெறும் தண்டுகள் துருத்திக்கொண்டு நின்றன. ஒன்றிரண்டில் யாரோ பிளாஸ்டர் சுற்றியிருந்தார்கள். ஒன்றில் பேனா மூடி செருகியிருந்தது.

"உது என்ன, பேனா மூடி?" என்றேன்.

"நொப்தானே இல்லை. நொப் வாங்கிப் போட்டால் புதுசு மாதிரி இருக்கும், பாரும்."

அவர் சொன்ன நொப்தான் குமிழ். விரலால் பிடித்துத் திருப்புவது அதை. அது செருகியிருக்கும் தண்டு திரும்ப, தண்டின் அடியில் உள்ள 'பொட்' என்ற உறுப்பு சத்தத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும். எல்லாத் தண்டும் ஒரே மாதிரி இருக்கும், எல்லாக் குமிழும் எல்லாத் தண்டுக்கும் பொருந்தும் என்றுதான் நாங்களும் நம்பியிருந்தோம். இணையத்தில் கலப்புக் குமிழ்ப் பை ஒன்று வரவழைத்தார். கறுப்பு, சிவப்பு, மஞ்சள், தடித்தது, மெலிந்தது, கோழிக்கழுத்து மாதிரி வளைந்தது என்று எல்லாம் இருந்தன. சரியாகப் பொருந்துவதுதான் ஒன்றும் இல்லை.

காரணம் பிறகுதான் விளங்கியது. பெட்டி பல கைகள் மாறி வந்திருக்கிறது. ஒவ்வொருவரும் பழுதான பொட்டைக் கழற்றிவிட்டுக் கையில் அகப்பட்டதைப் போட்டிருக்கிறார்கள். அதனால் ஒரு தண்டு உருண்டை. இன்னொன்றில் ஒரு பக்கம் சீவினதுபோல் தட்டை. மற்றொன்று சுற்றிவரப் பல்லுப் பல்லாக, நடுவில் ஒரு பிளவோடு. உருண்டைத் தண்டிலும் இரண்டு தடிப்பு. ஒன்றுக்கு ஒன்று மயிரிழைதான் வித்தியாசம். அந்த மயிரிழையில் குமிழ் ஒன்றில் ஆடும், அல்லது ஏறவே ஏறாது.

என் கணவரின் வைத்தியம் பலாத்காரம். ஏறாத குமிழை உள்ளங்கையால் அடித்தார். குமிழ் இரண்டாகப் பிளந்தது. "சீனாச் சாமான்" என்றார். அடுத்ததையும் அடித்தார். அதுவும் சீனாச் சாமானாக இருந்தது.

பிறகு பாடகரைக் கூப்பிட்டார். பாடகர் பிரான்சில், பரிஸ் நகரத்தில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். வயதில் மூத்தவர் என்பதால் நாங்கள் அண்ணை என்போம். அண்ணையிடம் மழை என்றால் 'பரிசிலை இப்பிடி மழை இல்லை' என்பார். வெயில் என்றால் 'பரிசிலை வேற வெயில்' என்பார். அங்கே பெரிய பெரிய மண்டபங்களில் பாடியவராம். எந்த மண்டபம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அண்ணை வந்து பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"பரிசிலை நாங்கள் உதுக்கெல்லாம் குளூதான் போடுறது."

"குளூ போட்டால் பேந்து கழட்ட ஏலாதே அண்ணை?" என்றேன்.

"ஏன் கழட்டுவான் தங்கச்சி? ஒட்டினது ஒட்டினதுதான்."

அதில் மட்டும் பொய் இல்லை. சூப்பர் குளூவைக் குமிழின் துளைக்குள் தாராளமாக விட்டு, தண்டில் வைத்து அமுக்கினார். குளூ தண்டு வழியே இறங்கிப் பொட்டுக்குள் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் கணவர் திருப்பிப் பார்த்தார். அசையவில்லை. இரண்டு கையாலும் பார்த்தார். பெட்டிதான் திரும்பியது. அந்த ஒரு சனல், கிட்டத்தட்ட பூச்சியத்தில், காதோடு காதாக இரகசியம் சொல்கிற அளவில், அப்படியே உறைந்துபோனது.

"பரிசிலை குளூ வேற குளூ" என்றார் அண்ணை.

பெட்டி என் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. பிள்ளைகள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். அப்படியே விட்டால் டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கும் அது அங்கேதான் கிடக்கும் என்று தெரிந்ததால்தான் நான் கை வைத்தேன். வேறு எந்தக் கலை ஆர்வமும் இல்லை.

முதலில் தண்டுகளை இனம் பிரித்தேன். பிறகு குமிழ்களைக் கவிழ்த்துத் துளைகளைப் பார்த்தேன். ஆடுகிற குமிழுக்குக் குளிர்பான டின்னிலிருந்து மெல்லிய கீலம் வெட்டி, தண்டில் ஒரு சுற்றுச் சுற்றிச் செருகினேன். இறுகிக்கொண்டது. பல்லுத் தண்டில் குமிழ் தளர்வாக இருந்தால், நடுப்பிளவுக்குள் கத்தி நுனியை விட்டு மெதுவாக அகட்டினேன். முதல் தண்டில் மெதுவு போதவில்லை. அதன் ஒரு பாதி முறிந்து தேங்காய்ப்பூத் துருவல் கிண்ணத்துக்குள் விழுந்தது. தட்டைத் தண்டுக்கு உருண்டைத் துளைக் குமிழைப் போட, குறைகிற பக்கத்தில் தீக்குச்சித் துண்டைச் சீவி வைத்தேன். அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் திருப்பத் திரும்பியது.

ஒரே ஒரு சிக்கல். குமிழின் மேல் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். அது தண்டைச் சுற்றிப் பூச்சியம் முதல் பத்து வரை உள்ள எண்களைக் காட்ட வேண்டும். நான் பொருத்தியவற்றில் சிலது சத்தம் முழுக்கக் குறைந்திருக்கும்போது மூன்றைக் காட்டின, சிலது ஏழை. பூச்சியம் எங்கே என்பது பெட்டியில் எனக்கு மட்டும்தான் தெரியும். நகப்பூச்சால் புள்ளி வைத்துக்கொண்டேன். அதனால் வேறு வழியில்லாமல், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நானும் வந்து மிக்சரின் முன்னால் இருக்க வேண்டியதாயிற்று. கணவர் போனில் நண்பர்களிடம், "எல்லாம் நானே கையாலை செய்தனான் மச்சான், ஒரு கிழமை நித்திரை இல்லை" என்று சொல்வதையும் கேட்டேன். நித்திரை இல்லாதவர் அந்தக் கிழமை விட்ட குறட்டை பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும்.

பெட்டி ஆயத்தம் என்றதும் அண்ணை பார்வையிட வந்தார். மைக்கின் தரம் பற்றியோ சத்தம் பற்றியோ அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"என்ரை நொப் எது?"

காட்டினேன். சின்ன மஞ்சள் குமிழ்.

"உதோ?" என்றார். சட்டை அளவு பார்க்கும்போது 'ஸ்மோல்' என்று சொல்லிவிட்டதுபோல் முகம் போயிற்று. பைக்குள் கையை விட்டுத் துழாவி, ஒரு பெரிய குமிழை எடுத்தார். முழுக்க உலோகம், வெள்ளி மாதிரி மினுங்கியது, கையில் பாரமாக இருந்தது, பக்கவாட்டில் இறுக்குவதற்குக் குட்டி ஆணி. "இதைப் போடுங்கோ. பாடுறவன்ரை நொப் தூரத்திலை இருந்து தெரிய வேணும்."

அது அவருடைய தண்டில் நிற்காது. டின் கீலத்தால் நாலு சுற்றுச் சுற்றினாலும் பாரத்தில் தலையை ஆட்டியது. மொத்தப் பெட்டியிலும் அது கச்சிதமாக உட்கார்ந்தது ஒரேயொரு தண்டில். அந்தத் தண்டு செத்தது. கணவர் அடிமூடியைத் திறந்தபோது நானே பார்த்திருந்தேன், அதன் பொட்டுக்கு வயர்களையே யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். நான் அதை அலங்காரத்துக்கென்று அங்கே போட்டு ஆணியை இறுக்கினேன்.

"இது என்ரைதானே?" என்று கேட்டார் அண்ணை.

நான் வேலை செய்வது ஒரு கண்ணாடிக் கடையில். சோதிக்கிற அறையில் 'முதலாவதா, இரண்டாவதா, எது தெளிவு?' என்று கேட்பார்கள். இரண்டும் ஒரே வில்லையாக இருக்கும் நேரங்களும் உண்டு. வந்தவர் யோசித்து, 'இரண்டாவது' என்பார், மிக உறுதியாக. அந்த அனுபவத்தில் சொன்னேன்: "ஓம் அண்ணை, உங்கடைதான்."

முதல் நிகழ்ச்சி கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட் என்ற இடத்தில் ஒரு சாமத்திய வீடு. பிள்ளை குதிரை வண்டியில் வந்து இறங்கியது. அதைப் படமெடுக்க ட்ரோன். ட்ரோனைக் கண்டு குதிரை மிரள, மாமன்மார் ஓட, புகை இயந்திரம் மண்டபத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் காணாதபடி புகையைக் கக்கியது. அதற்குள் அண்ணை பாடத் தொடங்கினார். ஒரு பாட்டு முடிந்ததும் மேடையிலிருந்து இறங்கி மிக்சரடிக்கு வந்தார். வெள்ளிக் குமிழை இரண்டு விரலால் பிடித்து, பாலின் சூடு பார்க்கிறவர் மாதிரிக் கண்ணை மூடி, ஒரு துளி திருப்பினார். மைக்கில் "ஹலோ, ஹலோ" என்றார்.

"இப்ப சரி."

ஒன்றும் மாறவில்லை. மாற வழியும் இல்லை. ஆனால் அடுத்த பாட்டை அவர் நிமிர்ந்து நின்று பாடினார். நான் மஞ்சள் குமிழில் அவருடைய உண்மையான சத்தத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் குறைத்தேன்.

இரண்டு மூன்று நிகழ்ச்சிகளுக்குள் கீபோர்ட் தம்பிக்கு மனவருத்தம் வந்துவிட்டது.

"அக்கா, அண்ணையின்ரை நொப் பத்திலை நிக்குது. என்ரை ஆறிலை. நான் என்ன, குறைவான ஆளோ?"

நான் குமிழைக் கழற்றி, பல்லைத் தாண்டித் திருப்பிச் செருகினேன். அதே சத்தம், கோடு மட்டும் பத்தில். தம்பியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அதைக் கண்ட கணவர், செய்த வித்தையை முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்ற மனிதர், என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இஞ்சரும், என்ரையையும் ஒருக்கால் பத்திலை விடும்."

"இப்பதானே பாத்தனீங்கள்? அது சும்மா கோடு."

"தெரியும். எண்டாலும்."

எல்லோரும் பத்துக்கு வந்தார்கள். குழுவுக்குள் அதுபோல ஒற்றுமை அதற்கு முன் இருந்ததில்லை.

பிறகு வந்தது எங்கள் பங்குத் தேவாலயத்தின் அந்தோனியார் திருவிழா. பூசை முடிந்து, மண்டபத்தில் மதியச் சாப்பாடு, கலைநிகழ்ச்சி. அதற்கு முன்னால் திருவிழாக் கமிட்டித் தலைவரின் உரை. அந்த உரையைப் பற்றி யாழ்ப்பாணத்தாரும் மன்னாராரும் ஒரே கருத்துக் கொண்டிருந்தார்கள். அப்படி அவர்கள் ஒன்றுபட்ட வேறு விசயம் எனக்குத் தெரியாது. போன வருடம் அவர் கமிட்டி தொடங்கிய கதையைச் சொல்லி முடிக்கும்போது சோறு ஆறிவிட்டது, பிள்ளைகள் மேசைக்கடியில் நித்திரையாகிவிட்டார்கள்.

தேவாலயப் பாடகர்களான கொயருக்கு மைக்குகள், கீபோர்ட், ட்ரம் பாட், அண்ணை என்று எல்லாச் சனலும் நிரம்பிவிட்டது. தலைவருக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று: குளூவில் உறைந்த சனல். வேறு இடம் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் நான் தேடியிருக்க மாட்டேன்.

தலைவர் எழுந்தார். தாளை விரித்தார். வாய் அசைந்தது. முன்வரிசைக்கு ஏதோ தூரத்தில் ரேடியோ முணுமுணுப்பதுபோல் கேட்டிருக்கும். பின்வரிசையில் ஒருவரும் ஒன்றும் உணரவில்லை. சோற்று வரிசை மெல்லக் கூடத் தொடங்கியது. தலைவர் நிறுத்தி, மைக்கைத் தட்டி, எங்கள் பக்கம் பார்த்தார். நான் குனிந்து மும்முரமாக நகப்பூச்சுப் புள்ளிகளை ஆராய்ந்தேன்.

அப்போதுதான் அண்ணை வந்தார். ஒரு கலைஞன் இன்னொரு கலைஞனின் துன்பத்தைப் பொறுக்க மாட்டான் அல்லவா? "தங்கச்சி, நீங்கள் விடுங்கோ" என்று என்னை விலக்கி, வெள்ளிக் குமிழைப் பிடித்து, பத்தையும் தாண்டி ஒரேயடியாகக் கடைசி வரைக்கும் திருப்பினார். மேடையைப் பார்த்துக் கேட்டார்:

"இப்ப சரியோ?"

தலைவர் ஒரு சொல் சொல்லிப் பார்த்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார். முகம் மலர்ந்தது. "ஓம், இப்ப சரி" என்பது அவர் உதட்டசைவில் தெரிந்தது. பிறகு மீதித் தாள்கள் முழுவதையும், கையை உயர்த்தி உயர்த்தி, ஒருவருக்கும் கேட்காத குரலில் வாசித்து முடித்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த சனம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டியது. ஃபாதர் என்னருகே வந்து, "இந்த வருசம் தலைவற்ரை பேச்சு மிச்சம் திறம்" என்று சொல்லிவிட்டு, சிரிக்காமல் போனார்.

பின்னேரம் வாடகைக்கு எடுத்த வான் வண்டியில் வீடு திரும்பினோம். கணவர் ஓட்டினார், பக்கத்தில் அண்ணை, பின்னால் நானும் பெட்டியும். தம்பி பஸ்ஸில் போய்விட்டார். அண்ணை இடைவிடாமல் கதைத்துக்கொண்டு வந்தார்.

"நான் மட்டும் அந்த நொப்பைத் திருப்பியிருக்காட்டி இண்டைக்கு மானம் போயிருக்கும். சவுண்ட் பாக்கிறதெண்டால் காது வேணும். உம்மடை ட்ரம் சத்தமும் கூடிப்போச்சு. பரிசிலை எண்டால் உப்பிடித் தட்ட விடமாட்டினம்."

கணவர் பொறுத்துப் பார்த்தார். சிவப்பு விளக்கில் வான் நின்றது.

"அண்ணை, அது செத்த நொப்."

"எது?"

"உங்கடை வெள்ளி நொப். அதுக்கு வயரே இல்லை. நீங்கள் இவ்வளவு நாளும் திருப்பினது சும்மா."

அண்ணை சிரித்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். "தங்கச்சி, உண்மையோ?"

பொய் சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. "ஓம் அண்ணை."

விளக்குப் பச்சையாகி, பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். அண்ணை ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, பரிஸ் பற்றி முதல்முறையாக உண்மையாக ஒன்றைச் சொன்னார்.

"அங்கை நான் ஒரு பெரிய குறூப்பிலை இருந்தனான். பின் வரிசை. எனக்கும் ஒரு மைக் தந்தவை. வடிவான மைக். ரெண்டு வருசம் பாடினனான். ஒருநாள் மேடையைக் கழட்டேக்கைதான் கண்டன், என்ரை மைக் வயர் திரைச்சீலைக்குப் பின்னாலை சும்மா சுருண்டு கிடக்குது. ஒரு இடமும் போகேல்லை."

கணவர் தேவையில்லாமல் கண்ணாடித் துடைப்பானைப் போட்டார். மழை இல்லை.

"அவை எனக்கு நொப்பாவது தரேல்லை" என்றார் அண்ணை. "நீங்கள் மினுங்கிற நொப் தந்தியள். முன்னேற்றம்தான்."

இறங்கும்போது அவர் கதவைச் சாத்தவில்லை. நான்தான் இறங்கிப் போய்ச் சாத்தினேன்.

அடுத்து வந்த நிகழ்ச்சிகளுக்கு அவர் வரவில்லை. தம்பி பாடினார். அண்ணையின் அருமையை ஊர் உணர அது ஒன்றே போதுமாக இருந்தது. கணவர் ஆட்டிறைச்சிக் கறியும் ஒரு போத்தலும் கொண்டு சமாதானம் பேசப் போனார். அண்ணை ஒரு நிபந்தனையோடு வரச் சம்மதித்தார். "நான் திருப்பினால் ஏதாவது ஒண்டு நடக்க வேணும். என்னெண்டாலும் பரவாயில்லை."

நியாயமான கோரிக்கைதான். அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் இதைத்தான் கேட்டிருப்பேன். பெட்டியைத் திருத்துகிற ஒருவரிடம் கொடுத்து, அந்தச் செத்த பொட்டுக்குப் புதிய வயர் பிடித்து, அண்ணையின் மைக்குக்கு எதிரொலி கொடுக்கும் எக்கோவோடு இணைத்தோம். வெள்ளிக் குமிழுக்கு உயிர் வந்தது.

உயிர் வந்த முதல் நாளே, இன்னொரு சாமத்திய வீட்டில், அண்ணை அதைப் பத்தில் வைத்தார். அவர் 'கண்ணே' என்று பாட, மண்டபம் 'ண்ணே, ண்ணே, ண்ணே' என்றது. இரண்டாவது வரி வரும்போதும் முதல் வரி போய்ச் சேரவில்லை. எது பல்லவி, எது சரணம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. ஆழக் கிணற்றுக்குள் விழுந்த ஒருவர் உதவி கேட்பதுபோல் இருந்தது. நான் குறைக்கக் கை நீட்டினேன். அண்ணை மேடையிலிருந்தே என்னைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டேன்.

எங்கள் கதை அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பாட்டு முடிந்ததும் மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. பிள்ளையின் தகப்பன் ஓடிவந்து கணவரின் கையைப் பிடித்து, "என்ன சவுண்ட், என்ன சவுண்ட்!" என்றார். அந்த மாதத்திலிருந்து போன் நிற்கவில்லை. கூப்பிடுகிற எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: எக்கோ வைத்துப் பாடுகிற குறூப் நீங்கள்தானே?

நான் காதுக்குள் பஞ்சு வைத்துக்கொண்டு மிக்சரடியில் இருக்கிறேன். அண்ணை இப்போதெல்லாம் பரிஸ் பற்றிப் பேசுவதில்லை. அவருக்கு நேரம் இல்லை.